காலே வீசம்

வெர்லா ஹாகன் அன்றிரவு
என்னிடம் ட்ரெய்லரைக் கேட்டாள்.
கொடுத்தேன்.
அதன் அளவைச் சொல்லவில்லை.

"ஜூனிபருக்கு வயிறு முறுக்கிக்கொண்டது,
விழுந்து விழுந்து எழுகிறாள்."
கொட்டகையில் நிற்கிறது, எடுத்துக்கொள் என்றேன்.
போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுக்
கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.
மொன்டானாவில் பிப்ரவரி, மணி மூன்றே கால்,
கதவின் கைப்பிடி தோலைப் பிடுங்கும் குளிர்.

மற்றதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது.
பாதி அவள் சொன்னது,
பாதி முற்றத்துப் பனியில் கிடந்த தடம் சொன்னது.

பிக்கப்பைப் பின்னோக்கி விட்டிருக்கிறாள்.
முதல் தரம் ஒரு சாண் விலகல்,
இரண்டாம் தரம் நேர்.
கப்ளர் இரும்புக் குண்டின்மேல் உட்கார்ந்தது.
தாழ் விழுந்தது, பின் நுழைந்தது.
டார்ச் வெளிச்சத்தில் எல்லாம் சரி.

வேலிக் கம்பத்தில் கட்டிய குதிரை
உறைந்த மண்ணைக் குளம்பால் கொத்திக்கொண்டிருந்தது.
ஏற்று, கிளம்பு
என்றுதான் எந்தக் கையும் சொல்லியிருக்கும்.

அவள் ஜாக்கியின் பிடியைத்
திரும்பச் சுற்றினாள்,
இறக்கியதை மறுபடி ஏற்றும் பைத்தியம்போல.
பூட்டு பூட்டாயிருந்தால்
பிக்கப்பின் முதுகும் கூடவே எழும்பும்.

எழும்பவில்லை.
தாழ் போட்டது போட்டபடி,
பின் செருகியது செருகியபடி,
கப்ளர் மட்டும் மேலே வந்தது,
தலைக்குப் பெரிய தொப்பி கழல்வதுபோல.

அவள் குண்டு இரண்டு அங்குலம்.
என் ட்ரெய்லர் கேட்பது இரண்டே காலே வீசம்.
அந்தக் காலே வீசத்துக்குள்
ஒரு குதிரை புகும்,
இறக்கத்தில் ஒரு வளைவு புகும்,
எதிரே வருகிற மரலாரியும்
அதை ஓட்டிவருகிற யாரோ ஒருவனும்.
எனக்கு இது தெரியும்.
பதினொரு வருஷமாகத் தெரியும்.

பெரிய குண்டு எங்கே என்று
மறுபடி கூப்பிட்டிருக்கிறாள், மூன்று முறை.
காலையில்தான் பார்த்தேன்.

போல்ட் வாளிக்கு அடியில்
வைக்கோல் கயிற்றில் சிக்கிக் கிடந்ததைத்
தானே தேடி எடுத்தாள்.
சின்னக் கிளிப் உறைக்கு அடங்காது,
வெறுங்கையால் பிடுங்கினாள்.
இரண்டு விரல்நுனித் தோல் அந்த இரும்பிலேயே தங்கிவிட்டது.

மறுபடி பின்னோக்கி, மறுபடி தாழ்,
மறுபடி ஜாக்கி.
இந்தத் தரம் பிக்கப் முனகிக்கொண்டு எழுந்தது.
ட்ரெய்லரின் மூக்கு நழுவினால்
தார்ச்சாலையில் குத்தாமல் ஏந்திக்கொள்ள
சங்கிலிகளைக் குறுக்கே மாற்றி மாட்டினாள்,
அடியில் ஒரு தூளி.
அறுந்தால் பிரேக்கை இழுக்கும் கம்பியைத்
தனியே கொளுவினாள்.

பின்னால் நின்று "எரியுது" என்று சொல்ல
ஆள் இல்லை.
என் தகரச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்திப்
பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பார்த்தாள்.
தகரத்தில் வலப்பக்கம் சிவந்தது,
இடப்பக்கம் இருட்டு.
இறங்கி, பிளக்கை ஊதி அழுத்தினாள்.
இரண்டும் சிவந்தன.

பிறகுதான் குதிரையை ஏற்றினாள்.
எல்லாமாக இருபத்திரண்டு நிமிஷம் தாமதம்.

பில்லிங்ஸில் டாக்டர்,
கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றாராம்.
வெர்லா பதில் சொல்லவில்லை.
குதிரையை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து
நான்கு சக்கரங்களின் குடத்திலும்
உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.
அளவான சூடு.
கடைசிக் குடத்தில் கையை
எடுக்காமல் கொஞ்சநேரம் வைத்திருந்தாளாம்.

ஜூனிபர் பிழைத்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
பிழைத்தது, குடலில் ஒன்பதடி போக.
ரயில்பாதை மேட்டில்
ட்ரெய்லர் ஒரு துள்ளு துள்ளி,
சங்கிலி ஒருதரம் கிணுங்கி,
திரும்பத் தன் இடத்திலேயே அமர்ந்ததை
யாரும் கேட்பதில்லை.

வியாழக்கிழமை கொண்டுவந்து விட்டாள்,
கழுவி, சாணம் தட்டி.
கப்ளரின் மூக்கில் வெள்ளைப் பெயின்டில்
பெரிதாக அளவு எழுதியிருந்தது.
பெயின்ட் இன்னும் காயவில்லை.
மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.
சாவியை இடது கையால் நீட்டினாள்.
வலது கையில் கட்டு.