ஒரு நிலையம் பிந்தி

ஆறு நாற்பது மெத்ரோவின் அறிவிப்புக் குரல்
ஒரு நிலையம் பிந்தி வரும்.
போ பாசேனில் நிற்கையில் வாந்தர்மேர்ஷ் என்கும்.
பார்க்லியில் போ பாசேன்.
யாருக்கும் உறுத்தவில்லை.
அவர்களுக்குச் சன்னலுக்கு வெளியே
பெயர்ப்பலகை நிற்கிறது.

நான் நான்குமுறை புகார் கொடுத்தேன்.
"மாதாம் கிஸ்னென், எண் 2217,
கவனத்தில் எடுத்துக்கொண்டோம்" என்றார்
மிசியே பழனியாண்டி, தொலைபேசியில்,
எதையோ மென்றபடி.

ஏழு மாதம்.
அதற்குள் பொய்யைப் பழகிக்கொண்டேன்.
குரல் சொல்வதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்,
அவ்வளவுதான் கணக்கு.
கொரொமாண்டெல் என்றால் சேன் லூயி,
நான் இறங்க வேண்டிய இடம்.
மின்சார அலுவலகத்தின் தொலைபேசிகள்
என் விரலுக்குக் காத்திருக்கும் இடம்.
சந்தேகம் வந்தால் சரிபார்க்க இரண்டு சாட்சிகள்:
மின்நிலையத்தின் அடிவயிற்று இரைச்சல்,
கதவு திறந்ததும் மூக்கில் ஏறும் டீசல்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
மழை.
கூரைமேல் விழுந்த மழை
எல்லா நிலையங்களையும் ஒரே நிலையமாக்கியிருந்தது.
ஈரக்குடைகள் டீசலையும் மறைத்தன.
குரல் கொரொமாண்டெல் என்றது.
ஒன்றைக் கூட்டினேன்.
கதவருகே அந்தக் குளிர்ந்த வட்டத்தை
(பச்சை நிறமாம்)
பெருவிரலால் அழுத்தினேன்.
இறங்கினேன்.

பின்னால் கதவு மூடிக் கீச்சிட்டபோதுதான்
இரைச்சல் இல்லை என்று உறைத்தது.

கொரொமாண்டெல்.
சோழமண்டலத்தைப் பரங்கி வாயில் போட்டு
மென்று துப்பினால் வரும் சொல்.
பெயர் எனக்கு உறவுதான்.
தரை அந்நியம்.
கோலால் தடவினேன்: புள்ளிப்பட்டை கிடைத்தது.
பாதத்துக்கடியில் கொப்புளங்கள் வரிசையாக,
நல்ல பிள்ளைகள் போல.
பதினோராவது அடியில்
முழங்காலுக்குக் கீழே இரும்பு.
சிம் அட்டை விளம்பரப் பலகையாம்.
பட்டைமேலேயே நிறுத்தியிருந்தார்கள்,
அங்கேதான் யாரும் நிற்பதில்லை என்று.
சுற்றிப் போனேன்.
பட்டை தொலைந்தது.
இடப்பக்கம் காற்று திடீரென்று
கீழிருந்து வந்தது.

கீழிருந்து வரும் காற்றுக்கு ஒரே அர்த்தம்.

மின்சாரத்தில் ஓடும் வண்டிக்குக் காலடி கிடையாது.
மழையில் சுத்தமாகக் கிடையாது.
அசையாமல் நின்றேன்.
எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை.
எதற்கும் எண்ணுகிறவள், அதை எண்ணவில்லை.

முழங்கையை ஒரு கை பிடித்து இழுத்தது.
"வினி, மாதாம், வினி!"
எந்தப் பக்கம் இழுக்கிறாய் என்று
எனக்கு எப்படித் தெரியும்?
"இழுக்காதே, தம்பி.
உன் கையைக் கொடு, நான் பிடித்துக்கொள்கிறேன்."
கொடுத்தான். நடுங்கிக்கொண்டிருந்தது.
என்னுடையதா அவனுடையதா, தெரியவில்லை.
காவலாளி வீரப்பென். வேலைக்குச் சேர்ந்து
ஒன்பது நாள்.
"யாருடன் வந்தீர்கள்?" என்றான்.
"முந்நூறு பேருடன்."

அலுவலகம் சேர்ந்ததும்
என் முதல் இணைப்பை எனக்கே போட்டேன்.
மிசியே பழனியாண்டி மகிழ்ச்சியாக இருந்தார்.
"சரிசெய்துவிட்டோமே, மாதாம்!
நேற்றிரவே. உங்கள் புகார்தான்.
2217. முடித்தாயிற்று."

எனக்கு ஏன் சொல்லவில்லை?

"அறிவிப்பு ஒட்டியிருக்கிறோமே.
எல்லா நிலையத்திலும்.
பெரிய எழுத்தில்."

மறுநாள் ரோஸ் ஹில்லில்
சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தேன்.
இருந்தது. தாள்.
வழவழவென்று, நான்கு மூலையிலும் பசைநாடா.
உண்மையிலேயே பெரிய தாள்.

இப்போது குரல் சரியாகத்தான் சொல்கிறது.
சேன் லூயி என்றால் சேன் லூயி.
பெருவிரல் வட்டத்தின்மேல் இருக்கும்,
அழுத்த மாட்டேன்.
பின்னால் ஒருவர் "பார்தோன்" என்பார்,
இன்னொருவர் உச்சுக் கொட்டுவார்.
இரைச்சல் வரட்டும்.
டீசல் வரட்டும்.