இழப்பு என்று ஒரு வரி

பின்னிரவு இரண்டு பத்துக்கு
திரையில் மின்சாரத்தின் விலை
பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது.
எடுத்துக்கொள், காசும் தருகிறோம் என்கிறது சந்தை.
வெளியே வடகடலின் காற்று
காற்றாலைகளை விரட்டு விரட்டென்று விரட்டுகிறது.
ஜட்லாந்து முழுக்க விளக்கணைத்துத் தூங்குகிறது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள
எங்களிடம் தானியம் இல்லை.
தண்ணீர் இருக்கிறது.
எஸ்பென் தம்கோரின் பன்றிக் கழிவு
நொதித்துக் கக்கும் கரியமில வாயு இருக்கிறது.

பொத்தானை அழுத்துகிறேன்.
தண்ணீர் சண்டையில்லாமல் பிரிகிறது.
ஆக்சிஜனைக் கூரைவழி விட்டுவிடுகிறோம்,
இந்த இருட்டில் அதை வாங்க ஆளில்லை.
ஹைட்ரஜன் மட்டும் கோபுரத்துக்குப் போகிறது.

கோபுரத்துக்குள் என் சக ஊழியர்கள்.
ஒரு மயிரின் குறுக்கே நூறு பேர் நிற்கலாம்.
பூமியில் நாம் மூச்சுவிடத் தக்க காற்று வருமுன்பே
வேலையில் சேர்ந்துவிட்டவர்கள்.
அந்தக் காற்று பட்டால் சுருண்டுவிடுவார்கள்.
அறுபத்திரண்டு டிகிரி வெந்நீரில்
ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் உண்டு
மீத்தேன் விடுகிறார்கள்.
நாலு பங்கு நீரைப் பிளந்து கொடுத்தால்
இரண்டு பங்கை நீராகவே திருப்பித் தருகிறார்கள்.
ஹோல்ஸ்டெப்ரோவில் ஒன்பது வருடம்
வங்கியில் உட்கார்ந்திருந்தேன்;
கேட்காமல் பாதியைத் திருப்பிய கடனாளியை
ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

நவம்பரில் ஒரு வால்வு கசிந்தது.
மூன்று நாள் கோபுரம் பேசவில்லை.
யாருக்கு இரங்கல் எழுதுவது?

அதற்கு அடுத்த வாரம்தான்
கோபன்ஹேகனிலிருந்து தணிக்கைக்கு வந்தார் ஹென்னிங்.
நூறு போடுகிறீர்கள், ஐம்பத்துச் சொச்சம் வருகிறது,
மீதி எங்கே? இழப்பு என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் ஆயிற்றா?
நான் பதில் சொல்லவில்லை.
ரப்பர் காலணி ஒரு ஜோடி கொடுத்தேன்,
அவருக்கு இரண்டு அளவு பெரியது.
எங்கள் சூடு குழாய்வழி ஓடும் தரையில்
பதினொரு பன்றிக்குட்டிகள்
ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன.
குந்தி உட்கார்ந்து தரையில் உள்ளங்கை வைத்துப் பார்த்தார்.
வெகுநேரம் எடுக்கவில்லை.
அறிக்கையில் ஆனாலும்
இழப்பு இழப்பாகவே வந்தது.
எண்ணுக்குக் கை கிடையாது.

ஐந்தரைக்குக் காற்று தளர்ந்தது,
விலை ஏறியது, நிறுத்தினேன்.
கெட்டிலை அடுப்பில் ஏற்றினேன்.
நீலமாய் எரிவது
போன வாரத்துப் புயல்.

சன்னலில் ஆவி படிகிறது.
கெட்டிலின் நீர் எது,
எரிந்து மறுபடி நீரானது எது,
பிரித்துச் சொல்ல என்னிடம் கருவியில்லை.
கரியமில வாயு போகிற வழியே போகிறது.
வந்த இடம் அதற்குத் தெரியும்.

சட்டைக் கையால் துடைக்கிறேன்.
முற்றத்தில் தீவன வண்டியை நிறுத்திவிட்டு
எஸ்பென் கையை உயர்த்துகிறான்.
நான் உயர்த்துவதற்குள்
கண்ணாடி மங்கிவிட்டது.