இலக்கம் 46/9

தபால்காரர் ஜிஃப்ரி
தகர வேலியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்.
காவலாளி சிரித்தானாம்.

வாக்காளர் இடாப்பில்
இன்னும் இடிபடாமல் நிற்கிறது எங்கள் வீடு:
46/9, கொம்பனித்தெரு.
அந்த இடத்தில் நீச்சல் தடாகம் வருமென்று
வேலியில் படம் போட்டிருக்கிறார்கள்.
குளிக்கிறவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

தெமட்டகொடைப் பதினோராம் மாடியிலிருந்து
லிப்ட் ஓடாத காலையில் இறங்கி வந்தேன்.
போனமுறை "உறுதி கையில் தருவேன்" என்றவர்
இம்முறை வேறு சின்னத்தில்,
அதே பல்வரிசையோடு,
பஸ் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்தார்.

வாக்குச்சாவடியில் அந்தப் பிள்ளை
உரத்து வாசித்தாள் என் இலக்கத்தை.
பின்னாலிருந்து யாரோ "ஆ, நீயா!" என்றார்கள்.
ஒரே சுவருக்கு அந்தப்பக்கம்
அடுப்பு வைத்திருந்த மெர்சலின்.
பிறகு 46/10.
பிறகு 46/11ஏ, ஊன்றுகோலோடு.

எதற்குப் புள்ளடி போட்டேன் என்பது கிடக்கட்டும்.
சின்னிவிரல் மை காயும்வரை
பள்ளிக்கூட மதிலோரம் நின்றோம்
எங்கள் ஒழுங்கையின் அகலத்துக்கு,
நெருக்கியடித்து.

பொலிஸ்காரர் கலையச் சொன்னார்.
"உனக்கு எந்த பஸ்?"
என்று கேட்டுக்கொண்டோம்.