பதின்மூன்று கிலோ ஐப்பசி

மூன்று கொட்டேஷன்கள் மேசையில்.
காற்றாடிக்குப் பறக்காமல் இருக்க
ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்தேன்:
சுண்ணாம்புக்கல், ஃபெல்ட்ஸ்பார்,
பொன்னைப் பக்கமிருந்து வந்த குவார்ட்ஸ்.
எந்தத் தாளில் எந்தக் கல் என்பதில்
உள்நோக்கம் ஒன்றுமில்லை என்று
வாஜித் பாயிடம் சொன்னேன்.
பொய்.

ராணிப்பேட்டை சிப்காட்டில்
கடைசித் தெருவில் எங்கள் ஷெட்.
பேங்க் மேனேஜர் ஒரு மில்லுக்குத்தான் தலையாட்டினார்.
வாங்குபவர்களோ இரண்டு பேர்.
மினி சிமெண்ட்காரருக்கு மாதம் மூவாயிரம் டன்;
நிறம் கேட்க மாட்டார்,
தொண்ணூறு மைக்ரான் சல்லடையில்
பதினைந்து சதம் நின்றாலும் முகம் சுளிக்க மாட்டார்.
டைல்ஸ் கம்பெனி அம்மாவுக்கு நூறு டன் போதும்.
சுட்டெடுத்த வில்லையில்
எள்ளளவு கறுப்பு தெரிந்தால்
லாரியைத் திருப்பி விடுவார்.

சித்திரையில் அப்படித் திரும்பிய லாரி
இன்னும் ஷெட்டுக்குப் பின்னால் குவியலாய்க் கிடக்கிறது.
அதில் படுத்தெழும் நாய்
வெள்ளையாய்ப் போய்
வெயிலில் உதறிப் பழுப்பாய்த் திரும்பும்.
அந்த லாரியின் டெஸ்ட் ரிப்போர்ட்டில்
என் கையெழுத்து.

கோயம்புத்தூர்ப் பையன் லேப்டாப்பில் காட்டினான்:
சுழலும் மேசை, அழுத்தும் உருளை,
அரைக்கும்போதே உலர்த்தும் சூட்டுக்காற்று,
டன்னுக்குப் பதினேழு யூனிட்.
"குவார்ட்ஸ்?" என்றேன்.
அடுத்த ஸ்லைடுக்குப் போனான்.

ரேமண்ட் மில்காரர் நல்ல மனிதர்.
ஜிப்சம், பாரைட்ஸ், மாக்கல்,
நகம் பதிகிற எதையும் கொடுங்கள் என்றார்.
எங்கள் கல்லில் நகம்தான் தேயும்.

பால் மில்லைப் பற்றித் தாளில் ஆறு பக்கம்.
ஆபரேட்டர் முனிரத்தினம் ஒரே மூச்சில் முடித்தார்:
"வவுறு பெர்சு மேடம். எத்தப் போட்டாலும் துன்னும்.
கரண்டயும் சேத்துத் துன்னும்."

மூவருக்கும் சோதனைக்குக் கல் அனுப்பினேன்.
வேண்டுமென்றேதான்
மழையில் கிடந்ததை, களிமண் ஒட்டியதை,
ஆளுக்கு இருநூறு கிலோ.
உருளைக்காரரிடமிருந்து
நூற்று எண்பத்தேழு திரும்பி வந்தது,
பவுடராய், பளபளப்பான டப்பாவில்.
பதின்மூன்று கிலோ ஐப்பசியை
யார் காயவைத்தது, எந்த முற்றத்தில்?
போனில் கேட்டேன்.
லைன் சரியில்லை என்றார்கள்.

பால் மில் பவுடரில் எடை சரியாக இருந்தது.
பழைய ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தத்துக்குப்
பாலிதீன் சுற்றி, வெள்ளையில் ஒருமுறை இழுத்தேன்.
மீசை முளைத்து வந்தது காந்தம்.
இரும்புக் குண்டுகள்
அரைக்கிற நேரத்தில் தாமும் அரைபட்டிருக்கின்றன.
கொட்டேஷனில் இதற்கு ஒரு வரி உண்டு:
தேய்மானம், டன்னுக்கு இத்தனை கிராம்.
தேய்ந்தது எங்கே போகும்
என்பதற்கு வரி கிடையாது.

"அப்ப எதான் சொல்றீங்க, தமயந்தி?"
பாய் கண்ணாடியைக் கழற்றினார்.
வயிறு அதே வயிறுதான் என்றேன்.
உள்ளே இரும்பு வேண்டாம்.
சுவருக்கு அலுமினா செங்கல், குண்டும் அலுமினா.
எடை குறைந்த குண்டு,
அடி மெதுவாகத்தான் விழும்.
"எவ்ளோ மெதுவா?"
"மூவாயிரம் வராது. ஆயிரத்தைந்நூறு."

அஸர் தொழுகைக்கு எழுந்தவர்
போகிற போக்கில்
சுண்ணாம்புக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்.
அதனடியில் இருந்த தாள் பறந்து
பீரோவுக்குக் கீழே போயிற்று.
முனிரத்தினம் குனியப் பார்த்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் நிமிர்ந்துவிட்டார்.

திரும்பி வந்த பாய் கையில் கல் இல்லை.
"செங்கல் விலை கேளுங்க" என்றார்,
என்னைப் பார்க்காமல்.

மூன்றாவது ரிங்கில் எடுத்தார்கள்.
மில் விட்டம், நீளம், சுற்று எல்லாம் கேட்டு
எழுதிக்கொண்டே வந்த பெண்
கடைசியில் கேட்டாள்:
"என்ன கல்லு மேடம் அரைக்கப் போறீங்க?"

ஜன்னலுக்கு வெளியே
மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.
நனைஞ்ச கல்லு என்றேன்.
அதை முதலில் எழுதிக்கோங்க.