கேபின் ஒன்பது

ஐம்பது மில்லி, இருநூற்று நாற்பது டாலர்.
வரி தனி.

அட்டைப்பெட்டியில் ஒரு மலை,
மலைக்குக் கீழே ஒரு மரவீடு,
அதன் ஜன்னலுக்கு மட்டும் தங்க முலாம்.
கேல்கரியின் இந்த வணிக வளாகத்தில்
எஸ்கலேட்டர் ஏறி வருகிறவர்கள் முன்னால்
காகிதக் கீற்றை விசிறிக்கொண்டு நிற்கிறேன்.
தேவதாரு, புகைந்த பிர்ச், ஆம்பர்,
கடைசியில் கொஞ்சம் வெட்டிவேர்.
அந்தச் சொல்லை மட்டும்
பயிற்சி கொடுத்த பெண் திருத்தினாள்:
வெடிவேர். அழுத்தாதே.
வெடி என்றால் என்னவென்று நான் சொல்லவில்லை.
சம்பளம் அவர்கள் தருவது.

பெயர்ப்பட்டையில் நான் ஷெவ்.
வண்டியா என்று சிரிப்பார்கள்.
செவ்வந்தி என்று முழுதாய்ச் சொல்லி முடிப்பதற்குள்
எஸ்கலேட்டர் அடுத்த ஆளைக் கொண்டுவந்துவிடும்.

மேலாளர் ட்ரெவருக்குத் தெரியாது,
அந்த ஒன்பதாம் கேபினைக்
கழுவியவள் நான் என்று.
கேன்மோருக்கு மேற்கே, பதினொரு மாதம்,
விரிப்பின் நான்கு மூலையும் மடித்து,
கழிவறைப் பீங்கானுக்குள் தலையை விட்டு.
அதன் மணம் எனக்கு மனப்பாடம்:
ப்ளீச். நனைந்த பூட்ஸ்.
சரியாக இழுக்காத புகைபோக்கி
அறைக்குள்ளேயே திருப்பித் துப்பிய கரி நெடி.
மார்ச்சில் சுவருக்குள் செத்த எலி,
ஏப்ரல் முடியும்வரை.

வாசனைக்காரர் மூன்று நாள் தங்கினார்.
துண்டு மாற்றியது நான்தான்.
குப்பைக்கூடை நிறைய இதே காகிதக் கீற்றுகள்.
டிப்ஸ் வைக்கவில்லை.

அவர் வருவதற்கு முந்தைய ஜனவரியில்
ஓர் இரவு.
மைனஸ் முப்பத்தெட்டு.
டீசல் உறைந்து ஊழியர் பேருந்து வராமல் போக,
ஒன்பது காலியாக இருந்தது.
லூர்தெஸ், ஒக்சானா, நான்.
மூவருக்கும் ஒரு கட்டில்,
மூன்று ஜோடிக் காலுறை அடுப்பு விளிம்பில்.
நூடுல்ஸில் என் பையிலிருந்த மிளகுத்தூள்;
ஒக்சானா இருமிவிட்டு, இன்னும் போடு என்றாள்.
யாரும் ஊரைப் பற்றிப் பேசவில்லை.
லூர்தெஸ் ஜன்னல் உறைபனியில் விரலால்
ஓவர்டைம் கணக்குப் போட்டாள்,
தப்பாக, எங்களுக்குச் சாதகமாக.

வெளியே வாடை.
எங்கள் பாஷையில்
வடக்கிலிருந்து வரும் காற்றுக்கும் மூக்கில் ஏறும் மணத்துக்கும்
அது ஒன்றே சொல் என்றேன்.
அப்போ குளிர் மணக்குமா? என்றாள் ஒக்சானா.
கதவை ஒரு சாண் திறந்து
மூன்று மூக்கையும் நீட்டினோம்.
ஒன்றுமில்லை.
மூக்கு முடி உறைந்ததுதான் மிச்சம்.
சிரித்துக்கொண்டே சாத்திவிட்டுத் திரும்பினால்,
அறை மணத்தது.
அதுவரை தெரியவே இல்லை.
கட்டை, கம்பளி, உப்பு, மிளகு,
எங்கள் மூவரின் தலைமுடி.

இன்று சனிக்கிழமை, மாலை நான்கு.
பின்னல் தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி
கீற்றை முகர்ந்து, உதட்டைப் பிதுக்கி,
யாருமே இல்லாத வீடு மாதிரி இருக்கு என்றாள்.
இதற்குப் பதில் பயிற்சியில் இல்லை.
காலையில் தெளித்த என் மணிக்கட்டை நீட்டினேன்.
புகை போய்விட்டிருந்தது, ஆம்பரும்;
ஆறு மணி நேரம் பெட்டி தூக்கிய தோலோடு
எது ஒட்டிக்கொண்டதோ அது மட்டும்.

கண்ணை மூடி, நேரம் எடுத்துக்கொண்டாள்.
ட்ரெவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓ, என்றாள். வந்துட்டாங்க.
என்ன இது, அடியில்?

வெட்டிவேர், என்றேன்,
இருக்கிற ஒற்றையெல்லாம் போட்டு.
அவளும் சொல்லிப் பார்த்தாள்,
வாய்க்குள் மிட்டாயைப் புரட்டுவதுபோல், இரண்டு தடவை.

வாங்கவில்லை.
கையுறையை மாட்டிக்கொண்டு
இறங்கும் எஸ்கலேட்டரில் நின்றாள்.