சொந்தப் பயணம்

பால்மாவு டின்னைக் கவிழ்த்தேன்.
மேசையெங்கும் ரசீதுகள், பாதி வெறும் வெள்ளை.
வெயில் பட்டால் எழுத்து ஓடிவிடுகிற தாள்.
ஏழு வருடம் பத்திரமாய் வைத்திருக்க வேண்டுமாம்.
ஏழு மாதம்கூடத் தாங்கவில்லை.

மே பதினான்கு, இரவு பதினொன்றரை.
ஜெலுத்தோங் முழுக்க யாரோ மீன் பொரிக்கிற வாசம்.
நாளையோடு கெடு முடிகிறது.

பாயான் லெப்பாஸில் பதினோரு வருடம்
சில்லுகளில் குறை தேடினேன்.
போன வருடம் மார்ச்சில்
எங்கள் வரிசை முழுவதையும் குறையென்று ஒதுக்கினார்கள்.

பிறகு ஒன்பது நேர்காணல்.
பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரல்,
போகவர நூற்று ஐம்பத்தெட்டு வெள்ளி.
ஷா ஆலாமுக்கு கிராப், இருபத்தாறு.
நீலாயில் வரவேற்பறைப் பெண் தண்ணீர் கொடுத்தாள்,
அது செலவில்லை.
கறுப்புக் காலணி, நூற்றிருபது.
செர்டாங் மழையில் அடிப்பாகம் வாயைத் திறந்தது,
நான் திறப்பதற்கு முன்பே.

புவனேஸ்வரனைக் கூப்பிட்டேன். கணக்காளன்,
நாலாம் வகுப்பில் என் அழிரப்பரைத் திருடியவன்.
"வேலையில இருந்து, முதலாளிக்காக போயிருந்தா பேசிப் பார்க்கலாம், லோகா.
வேலை தேடிப் போனது உன் சொந்தப் பயணம்."

சொந்தப் பயணம்.
லங்காவிக்குப் போய்
இளநீர் குடித்துவிட்டு வந்தேன் போல.

படிவத்தில் பூப்பந்து மட்டைக்கு இடம் இருக்கிறது.
தாய்ப்பால் பம்புக்கு இருக்கிறது.
ஈப்போவில் வாங்கி
பிரிக்காமலே வீடுவரை கொண்டுவந்த ரொட்டிக்கு இல்லை.
"தொடர்பு கொள்கிறோம்" என்றவர்களுக்காக
குளிக்கும்போதும் கைப்பேசியைக் கதவோரம் வைத்ததற்கு
பெட்டி எதுவும் இல்லை,
கீழே இறங்கி இறங்கிப் பார்த்தேன்.

டின்னின் அடியில் ஒட்டிக்கொண்டு
எழுத்து அழியாத ஒரே ரசீது:
புத்தகக் கடை, முப்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
நேர்காணலில் கைகளை எங்கே வைப்பது என்று
நாற்பது பக்கம் சொன்ன புத்தகம்.
அது சொன்னபடி வைத்துத்தான்
மூன்று இடத்தில் தோற்றேன்.

"அதைக் கழிக்கலாம்," என்றான். "புத்தகம்னா புத்தகம்."

தட்டினேன். பெட்டி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.
கூடுதலாய்ப் பிடித்த வரி திரும்பி வருமாம்,
அறுநூற்று நாற்பது.
மனம் தானாகவே வகுத்துப் பார்த்தது:
நான்கு தடவை ரயில், எட்டு வெள்ளி மிச்சம்,
காலணியைச் சேர்க்காமல்.

செவ்வாய்க்கிழமை பத்தாவது. மறுபடி நீலாய்.
கைகளை மடியில் போட்டுவிட்டு
சும்மா உட்காரப் போகிறேன்.