கெடு நீட்டிப்பு

ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே என் கடை.
லாரிகளுக்கு இருப்பிடக் கருவி பொருத்துகிறேன்.
பலகையில்
"எஸ். பர்கத்துன்னிசா, அங்கீகாரம் பெற்றவர்" என்றிருக்கும்.
யாரிடம் பெற்றேன் என்று எழுத
இடம் போதவில்லை.

மார்ச்சில் சுற்றறிக்கை வந்தது.
அமெரிக்கச் செயற்கைக்கோளை மட்டும் கேட்கும் பெட்டி
இனிமேல் செல்லாது.
நம்முடையதையும் கேட்க வேண்டும்,
இரண்டு அலைவரிசையில்,
ஏப்ரல் ஒன்றுக்குள்,
இல்லையென்றால் எஃப்.சி. கிடையாது.
கம்மலை வைத்து நாற்பது பெட்டி எடுத்தேன்.

முப்பத்தோராம் தேதி மாலை இன்னொன்று வந்தது:
மூன்று மாதம் தள்ளிவைப்பு.
ஜூன் கடைசியில் மறுபடி மூன்று.
இரண்டிலும் ஒரே கையெழுத்து,
காரணம் ஒன்றிலும் இல்லை.
மேலே ஒரு கோளில் கடிகாரம் நின்றுவிட்டதாக
டீலர் போனில் சொன்னார்,
துக்கம் விசாரிக்கிற குரலில்.

பயிற்சியில் சொல்லித்தந்தது ஞாபகம் இருக்கிறது.
வானத்துக் கடிகாரம்
நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால்
தரையில் ஓரடி பிசகும்.
அப்படியானால் மூன்று மாதத்துக்கு எத்தனை அடி?
பில் புத்தகத்தின் பின்பக்கம் போட்டுப் பார்த்து
இடம் தீர்ந்து கால்குலேட்டருக்குப் போனேன்.
'ஈ' என்று காட்டியது.
அன்று முழுக்க கடையில்
அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எந்தக் கெடுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை
திம்மராயன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.
பர்கூர் பக்கம் கல் ஏற்றுகிறவர்.
"புதுசைப் போடும்மா."
"செப்டம்பர் வரைக்கும் கட்டாயம் இல்லைண்ணா."
"எனக்குக் கட்டாயம்."

குவாரிக்குள் நாலு பக்கமும் கருங்கல் சுவர்.
சிக்னல் சுவரில் மோதி, சுற்றிக்கொண்டு வந்து சேரும்;
வந்ததையெல்லாம் நம்பும் பழைய பெட்டி.
ஒருநாள் அவர் வண்டியைப் பக்கத்து ஏரிக்குள் நிறுத்தியது.
நீச்சல் தெரியுமா என்று ஓனர் கேட்டாராம்.
இன்னொரு நாள் அறுபது மீட்டர் தள்ளி,
குத்தகை முடிந்த குவாரிக்குள்.
அதற்குச் சிரிப்பு வரவில்லை, நோட்டீஸ் வந்தது.
ஏழு வாரம் வண்டி
தாலுகா ஆபீஸ் புங்கமரத்தடியில் இலை வாங்கியது.
"போகாத அறுபது மீட்டருக்கு
அபராதம் கட்டினவன் நான்" என்றார்.
"ரசீது இருக்கு, பாக்குறியா?"

சீட்டுக்குப் பின்னால் ஒயர் இழுத்து
ஆன்டெனாவை டாஷ்போர்டில் ஒட்டி
பாலத்து நிழலைவிட்டு வண்டியை வெளியே எடுக்கச் சொன்னேன்.
சிவப்பு சிமிட்டியது.
தெற்கு வானில் நம்முடையவை
ஊரைவிட்டுப் போகாமல் நிற்கின்றன என்பார்கள்;
நான் பார்த்ததில்லை, விளக்கைத்தான் பார்த்திருக்கிறேன்.
மூன்று கிடைத்தது.
நாலாவதுக்குக் காத்திருந்த நேரத்தில்
ஸ்டியரிங்மேல் நெற்றி வைத்தவர்
அப்படியே தூங்கிப்போனார்.
பச்சை எரிந்தும்
டீ ஆறும்வரை எழுப்பவில்லை.

பதினைந்து நாளில் ஓனர் கூப்பிட்டார்.
"தினம் ராத்திரி மேலுமலை வளைவுக்கு முன்னாடி
வண்டி பதினோரு நிமிஷம் நிக்குது.
பழசுல இது தெரியவே இல்லையே?"

திரையைத் திறந்தேன்.
வெள்ளைக் கோட்டுக்கு வெளியே,
பின்னால் வருகிறவனுக்கு வழிவிட்டு,
ஒழுங்காக ஒதுங்கி நிற்கிறது புள்ளி.
இவ்வளவு துல்லியமான புள்ளியை
என் தொழிலில் நான் பார்த்ததில்லை.
அதற்குள் நெற்றி எங்கே இருக்கும் என்பதை
எந்த அலைவரிசையும் சொல்லாது;
எனக்குத் தெரியும்.

"மலைப்பக்கம் சார், சிக்னல் அப்படித்தான் காட்டும்.
புதுப் பெட்டி, பழக மூணு மாசம் ஆகும்."

"அதுக்கப்புறம்?"

"நீட்டிப்பாங்க சார்."